கட்சியில் இருந்தவர் நீதிபதியாகலாமா?

நேயர்களுக்கு வணக்கம். நேற்றுவரை கட்சி மேடையில் பேசியவர் இன்று உயர் நீதிமன்ற நீதிபதி என்றால், கடலூரானாலும் புதுச்சேரியானாலும் டீக்கடையில் முதலில் எழும் கேள்வி இதுதான்: சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா? கொடுக்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 217ஆவது கூறு கேட்பது இந்தியக் குடியுரிமை; அத்துடன் உயர் நீதிமன்ற வழக்கறிஞராக 10 ஆண்டு, அல்லது நீதித்துறைப் பதவியில் 10 ஆண்டு. கட்சியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

நம் மாகேக்குப் பக்கத்து ஊரான தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். மலபார் அன்று சென்னை மாநிலத்தில் இருந்ததால், 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்கு வந்தார். 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சர். 1965 தேர்தலில் தோற்று, மறுபடி கறுப்புக் கோட்டு. 1968இல் கேரள உயர் நீதிமன்றம், 1973இல் உச்ச நீதிமன்றம்.

1975 ஜூன் 24 அன்று விடுமுறைக்கால நீதிபதியாகத் தனியாக அமர்ந்திருந்தார். பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு இந்திரா தரப்பில் முழுத் தடை கேட்டார்கள். அவர் கொடுத்தது நிபந்தனைத் தடை. பிரதமராக நீடிக்கலாம், அவையில் பேசலாம். உறுப்பினராக வாக்களிக்கவோ சம்பளம் வாங்கவோ கூடாது. இடதுசாரி அமைச்சராக இருந்தவர் பழி தீர்த்தார் என்றும் சொல்ல முடியாது, பயந்தார் என்றும் சொல்ல முடியாது. மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்துவிட்டது.

நெல்லையில் திமுக மாவட்டச் செயலாளராக இருந்த எஸ். ரத்தினவேல் பாண்டியன் 1974இல் உயர் நீதிமன்றத்துக்கும் 1988இல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். முதல் தகவல் அறிக்கையை எந்தெந்தச் சூழலில் ரத்து செய்யலாம் என்று ஹரியானா முன்னாள் முதலமைச்சர் பஜன்லால் வழக்கில், 1990இல், அவர் எழுதிய ஏழு வகைகளை இன்றும் ரத்து மனுக்களில் காட்டுகிறார்கள். புகார் கொடுத்தவர் அரசியல் எதிரி என்பது மட்டுமே ரத்துக்குப் போதாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கட்சிக்குள் இருந்து பார்த்தவருக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும்!

சிக்கல் எங்கே? என் கணக்கில், போகும்போது இல்லை, திரும்பும்போதுதான். காங்கிரஸ் எம்.பி. பஹருல் இஸ்லாம் 1972இல் மாநிலங்களவையை விட்டு குவாஹாட்டி உயர் நீதிமன்ற நீதிபதியானார். அங்கே ஓய்வு பெற்றபின், 1980 கடைசியில் உச்ச நீதிமன்றம். பிகாரின் காங்கிரஸ் முதலமைச்சர் ஜகந்நாத் மிஸ்ரா மீதான வழக்கை அரசு திரும்பப் பெறலாம் என்று 1982 டிசம்பரில் தீர்ப்பளித்த பெரும்பான்மையில் இவரும் ஒருவர். அடுத்த மாதமே பதவியை விட்டு, காங்கிரஸ் வேட்பாளரானார். தீர்ப்பு சரியாகவே இருந்திருக்கட்டும், யார் நம்புவார்கள்? ஓய்வு பெற்ற நிரந்தர நீதிபதி தான் இருந்த உயர் நீதிமன்றத்தில் வாதாட 220ஆவது கூறு தடை போடுகிறது. தேர்தலில் நிற்க இத்தனை ஆண்டு காத்திரு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பேன்.

உங்கள் வழக்கே இப்படி ஒருவரிடம் வந்தால்? வழக்கு விசாரணையில் இறங்கும் முன்பே, உங்கள் வக்கீல் அந்த நீதிபதியிடமே விலகும்படி கேட்கலாம். தீர்ப்பு பாதகமாக வந்தபின் கேட்டால் எடுபடாது. “பழைய கட்சிக்காரர்” என்பது மட்டும் காரணமாக நிற்காது. இதே வழக்கில் அவர் முன்பு ஆஜரானார், எதிர்த்தரப்பு அவருக்கு நெருங்கிய உறவு, அவருக்கு இதில் பண லாபம் உண்டு என்பது போல ஒன்றைக் காட்ட வேண்டும்.