மார்ச் பணமும் ஆனி மழையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் மரம் நடும்போது பணத்தைவிடப் பெரிய சிக்கல் காலண்டர்தான். கணக்காண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அதற்குள் செலவைக் காட்ட வேண்டுமென்று மாசியில் குழி வெட்டி நட்டுவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் கன்று கருகிப்போகும். போட்டோ மட்டும் பச்சையாக இருக்கும்.

சட்டம் இந்த அவசரத்தைக் கேட்கவில்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்கீழ் வரும் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். வேலையைத் தொடர் திட்டமாக எடுத்தால், தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. மீதிப் பணத்தை ஏப்ரல் 30-க்குள் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். கம்பெனியிடம் மனு கொடுக்கும் குழுக்கள் இதை முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் மண் ஒன்றரை அடி ஆழம் நனைந்தபிறகு ஆனியில் நடலாம். ஐப்பசி மழை அதே கன்றுக்கு மறுபடியும் தண்ணீர் கொடுக்கும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் இந்தக் கணக்கு செல்லாது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று கன்றை ஆட்டி ஆட்டி வேர்பிடிக்க விடாது. அங்கே ஐப்பசியில், தாங்குகம்பு கட்டி நடுங்கள்.

லாரியில் வந்த கன்றுகளில் பத்தை எடுத்துப் பையைக் கிழித்துப் பாருங்கள். அடியில் வேர் வளையமாகச் சுற்றியிருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். நட்ட பிறகும் அந்த வேர் சுற்றியபடியே தடிக்கும். நாலைந்து வருடத்தில் காற்றடித்தால் மரம் சாயும். 2017-இல் ஒக்கிப் புயலைப் பார்த்த ஊருக்கு இதை விளக்கவா வேண்டும்?

குழி நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒன்றரை அடி. மேல்மண்ணைத் தனியே வைத்து, இரண்டு கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து நிரப்புங்கள். வேர்க்கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மண்மட்டத்தில் இருக்கட்டும், புதைந்தால் அழுகும். பத்தடி இடைவெளி என்றால் ஏக்கருக்குச் சுமார் 435 கன்று. முதல் வருடம் மூன்று முறை களையெடுப்பு, மார்கழி முடியுமுன் இலைதழையால் மூடாக்கு. தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டால் கரையான் ஏறாது. என் கணக்கில் மொத்தப் பணத்தில் பாதியாவது இந்தப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். நடுகைக் கூலியோடு முடியும் திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அயனி, வேங்கை மரங்கள் வெட்டி விற்கும் தடியாகப் பல பத்தாண்டு ஆகும். அதுவரை வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! அதற்கு நம் ஊரில் தேனீ இருக்கிறது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்விடும்போது, இலைக்காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளில் மதுரம் கசியும்; தையிலிருந்து பங்குனிவரை தேன்வரத்து அதில்தான். ஆகவே கம்பெனி தேனீப் பெட்டியை ஐப்பசியிலேயே கொடுத்தால்தான் தேனீக் குடும்பம் பெருகி, தேன்வரத்துக்குத் தயாராகும். சிலர் ஆனியில் கொடுக்கிறார்கள். அப்போது மழைக்காலம்; பூ கிடையாது. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து வாராவாரம் வைக்காவிட்டால் தேனீ பெட்டியை விட்டே ஓடிவிடும். காலி அடையில் மெழுகுப்பூச்சி குடியேறும்.

கன்றுகளை எண்ணும் நாளையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கார்த்திகையில் எண்ணினால் எல்லாம் உயிரோடுதான் நிற்கும். மே மாதக் கடைசியில், இரண்டாம் கோடை தாண்டிய கன்றை எண்ணி, அதன்பிறகு கடைசித் தவணையைக் கொடுக்கட்டும். பட்டா நிலத்தில் நட்டால் மரம் நில உடைமையாளருக்கே என்று ஒப்பந்தத்தில் தனி வாக்கியம் ஒன்று சேர்த்துவிடுங்கள்.