ஒரு பாட்டா, 564 ஆண்டா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'ஏழை, பணக்காரர் ஏற்றத்தாழ்வைத் திரைப்படங்கள் வெளிச்சம் போட்டுக் காட்டுகின்றனவா, மூடி மறைக்கின்றனவா?' என்பது தலைப்பு. மூடித்தான் மறைக்கின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி அருமையாகப் பேசினார். சினிமா இல்லாவிட்டால் குடிசைக்குள் என்ன நடக்கிறது என்பதே மாடியில் இருப்பவருக்குத் தெரியாது என்றார், 'பாரசைட்' என்ற கொரியப் படத்தை உதாரணம் காட்டினார், கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் சகோதரி, அந்தப் படத்தின் முடிவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏழைக் குடும்பத்து அப்பா, பணக்காரப் பங்களாவின் நிலவறையில் ஒளிந்து கிடக்கிறார். நிறையச் சம்பாதித்து அந்த வீட்டையே வாங்கிவிடுகிறேன், நீங்கள் படியேறி மேலே வந்தால் போதும் என்று மகன் கடிதம் எழுதுகிறான். அவன் வாங்குவதையும் நாம் பார்க்கிறோம். ஆனால் அது வெறும் கனவு; அடுத்த காட்சியில், பாதி மண்ணுக்குள் புதைந்த அதே பழைய வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். சராசரிச் சம்பளத்தில் அந்தப் பங்களாவை வாங்க எத்தனை வருஷம் ஆகும் என்று இயக்குநர் போங் ஜூன்-ஹோ கணக்குப் போட்டிருக்கிறார். 564 ஆண்டுகள்! படம் முடியும்போது வரும் பாட்டுக்கு முதலில் வைத்த பெயரே அதுதான்.

சரி, நாம் பார்த்து வளர்ந்த படங்களுக்கு வாருங்கள். பெண்ணின் அப்பா அவமானப்படுத்துவார், நாயகன் சவால் விடுவான், பாட்டு ஆரம்பிக்கும். முதல் சரணத்தில் மூட்டை தூக்குவான், இரண்டாம் சரணத்தில் சொந்தத் தொழில், பாட்டு முடியும்போது கோட்டும் சூட்டுமாகக் காரிலிருந்து இறங்குவான். அங்கே 564 ஆண்டு, இங்கே ஐந்து நிமிடம். பொழுதுபோக்குக்குத்தானே, விட்டுவிடு என்பார்கள். என்னால் விட முடியவில்லை. ஏனென்றால் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு பையன், இருபது வருஷம் உழைத்தும் கடன் தீராத தன் அப்பாவைப் பார்த்து, இவர் சரியாக உழைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடுகிறான். வாடகையும் வட்டியும் வைத்தியச் செலவும் அவருடைய உழைப்பைத் தின்றுவிட்டதை அந்தப் பாட்டு அவனுக்குச் சொல்லவே இல்லை. மறைப்பது என்றால் வேறு என்ன, நடுவர் அவர்களே?

அப்புறம், கெட்ட பணக்காரர். 'டைட்டானிக்' படத்தில் நாயகிக்கு நிச்சயம் செய்த அந்த மாப்பிள்ளை மேல் நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! மூன்றாம் வகுப்புப் பயணிகளைக் கதவைப் பூட்டி நிறுத்துவதையும் படம் காட்டுகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்போது மனதில் நிற்பது காதலும் அந்த மாப்பிள்ளையும்தான். 1912இல் நிஜக் கப்பல் மூழ்கியபோது முதல் வகுப்பில் நூற்றுக்குச் சுமார் 60 பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் சுமார் 25 பேர். இந்த வித்தியாசத்துக்கு எந்த ஒரு கெட்ட மனிதரையும் கைகாட்ட முடியாது. கையில் இருந்த டிக்கெட் எந்தத் தளத்துக்கு என்பதும் உயிரைத் தீர்மானித்தது. சினிமா அந்தக் கோபத்தை ஒரு கற்பனை ஆள் மேல் இறக்கிவைத்துவிட்டு, நம்மை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

பழைய படங்கள் மட்டும் வேறா? 1927இல் வந்த 'மெட்ரோபொலிஸ்' முதலாளிகளை வானுயர்ந்த கட்டடங்களிலும் தொழிலாளிகளைப் பூமிக்கு அடியிலும் வைத்துக் காட்டிய படம். அவ்வளவு துணிச்சலாகத் தொடங்கியதும் கடைசியில் இரு தரப்பும் கைகுலுக்குவதோடு முடிந்துபோனது. அந்த முடிவு வெறும் தேவதைக் கதை என்று இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கே பின்னால் ஒப்புக்கொண்டார்.

காட்டுவது என்றால் எப்படி என்று கேட்டால், 1948இல் வந்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தைச் சொல்வேன். ஒரு ஏழை அப்பாவுக்குச் சைக்கிள் இருந்தால்தான் வேலை. அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறார்கள். அடகுக் கடையில் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடப்பது அவர்களைப் போன்ற எத்தனையோ வீட்டு விரிப்புகள். ஒரே காட்சியில் ஊர் முழுக்க உள்ள வறுமை தெரிந்துவிடுகிறது, வசனமே தேவைப்படவில்லை. முதல் நாள் வேலையில், சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் களவு போகிறது. கடைசியில் வேறு வழி தெரியாமல் அந்த அப்பாவே ஒரு சைக்கிளைத் திருடப் பார்த்துப் பிடிபடுகிறார், மகன் கண்ணெதிரே. பையனைப் பார்த்துவிட்டு, சைக்கிளின் சொந்தக்காரர் அவரை விட்டுவிடுகிறார். அழுதுகொண்டே நடக்கும் அப்பாவின் கையை அந்தச் சின்னப் பையன் பிடித்துக்கொள்கிறான், இருவரும் கூட்டத்தில் கலந்துபோகிறார்கள். சவால் இல்லை, கல்யாணம் இல்லை, மனம் திருந்திய பணக்காரரும் இல்லை.

இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களை வைத்துக்கொண்டு சினிமா மொத்தத்துக்கும் நற்சான்று கேட்கிறது எதிரணி. அதைக் கொடுத்துவிடாதீர்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.