கடையைத் தூக்கிக்கொண்டா ஓடுகிறாள்?

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல், ‘ரன்’. ‘ஓடு’ என்று சின்ன வகுப்பிலேயே படித்து முடித்துவிடுகிறோம். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்திய பதிவில் இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள்! 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் ‘செட்’ என்ற சொல்லுக்கு, அதற்கு 430.

அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அக்கம்பக்கத்துச் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும். எழுவாய் மனிதர் என்றால் ஓடுகிறார். ஆறு என்றால் பாய்கிறது, மூக்கு என்றால் ஒழுகுகிறது, துணிச்சாயம் என்றால் கரைந்து மற்ற துணியில் ஒட்டுகிறது. அடுத்து, செயப்படுபொருள் உண்டா என்று பாருங்கள். ‘ஷீ ரன்ஸ்’ என்றால் ஓடுகிறாள். ‘ஷீ ரன்ஸ் எ ஷாப்’ என்றால் கடை நடத்துகிறாள். கடையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

மாற்றுச்சொல் தேடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். மாற்றுச்சொல் பட்டியலில் ‘மேனேஜ்’ (நடத்து), ‘ஃப்ளோ’ (பாய்), ‘ஆப்பரேட்’ (இயக்கு) என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றும் ‘ரன்’னோடு ஒட்டுமே தவிர, ‘மேனேஜு’க்கும் ‘ஃப்ளோ’வுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடைக்குப் பொருந்தும் ‘மேனேஜை’ ஆற்றுக்குப் போட்டால், ஆறு நிர்வாகம் பார்க்கக் கிளம்பிவிடும்! அதனால் முதலில் அந்த வாக்கியத்தில் என்ன பொருள் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். பிறகு மாற்றுச்சொல்லை அதே இடத்தில் வைத்து, முழு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். இடறினால் அது வேண்டாம்.

பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டினால் கதையே வேறு. ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் கையிருப்பு தீர்ந்துபோவது. ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. சுவரில் மோதுவதும் அதுவேதான். இவற்றில் பெரிய வம்புக்காரன் ‘ரன் ஓவர்’. வண்டி ஆளின்மேல் ஏறுவதும், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டுவதும், குறிப்புகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதும் இதற்குள் அடக்கம்.

இறந்தகாலம் ‘ரேன்’. ஆனால் ‘ஹேவ்’ முன்னால் வந்தால் மறுபடி ‘ரன்’தான், ‘ஹேவ் ரேன்’ பிழை.

இன்னொரு வேடிக்கை. தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டன்காரர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். ஒரே வேலைக்கு அங்கே ஓட்டம், இங்கே நிற்றல். தமிழில் நாமும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம். ஓடுவது நம் ஊரில் படமும் பொழுதும்தான்.