"ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர்!"

லாரி ஓட்டுநர் தோழர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

மாரடைப்போடு வருகிறவரிடம் பீடி, சிகரெட் உண்டா என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில் இது: "முன்ன மாதிரி இல்ல டாக்டர், ரொம்பக் குறைச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணுதான்." அந்த ஒன்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, எண்ணிக்கை குறையக் குறைய ஏறக்குறைய அதே கணக்கில் குறையும். இதயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. தினம் 20 சிகரெட் பிடிக்கும் ஆணுக்குக் கூடுகிற இதயநோய் ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு அல்ல, பாதி!

காரணம் என்ன? ரத்தக்குழாயின் உட்சுவரில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. கொஞ்சம் புகை பட்டாலே அது கெட்டு, குழாய் சரியாக விரிவதில்லை. ரத்தமும் எளிதில் உறைகிறது. நிகோட்டின் துடிப்பை ஏற்றி இதயத்துக்கு வேலையைக் கூட்டுகிறது. அதே நேரம் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. வேலை கூடும் நேரத்தில் ஆக்சிஜன் குறைகிறது. பீடி இலையில் சுற்றியதுதானே என்று நினைக்காதீர்கள். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன. கேபினில் பக்கத்தில் இருக்கும் கிளீனர் தம்பிக்கும் அந்தப் புகைதான்.

முழுதாக விட்டால்? ஓரிரு நாளில் கார்பன் மோனாக்சைடு வடிந்துவிடும். ஒரு வருடத்தில், புகையால் கூடிய இதயநோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகும். பிரிட்டனில் 1951-ல் தொடங்கி, மருத்துவர்களையே 50 ஆண்டுகள் பின்தொடர்ந்தார் ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளர். தொடர்ந்து பிடித்தவர்களைவிட, 40 வயதில் விட்டவர்களுக்கு ஆயுள் சுமார் 9 ஆண்டுகள் கூடியது. 60-ல் விட்டவர்களுக்கும் 3 ஆண்டுகள். அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களே, உங்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. மாரடைப்புக்குப் பின் விட்டவர்களின் இறப்பு ஆபத்து, தொடர்ந்து பிடிப்பவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

முதல் வாரம் கடினம்தான். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், ராத்திரி டீக்கடையில் வண்டியை நிறுத்தினாலே கை தேடும். அதற்கு மருந்து இருக்கிறது, நிகோட்டின் சூயிங்கம் இருக்கிறது. 1800-11-2356 என்ற அரசு எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். தாய்மார்களே, அவரைக் கையோடு கூட்டி வாருங்கள்.