எட்டாவது தட்டுக்குப் பிறகு

(பாடல் எழுதப் பழகும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பாட்டில் மௌனத்துக்கு என்ன வேலை என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நேரே ஒரு பாட்டுக்குள் போய்விடலாம். பாரதியாரின் பெண்கள் விடுதலைக் கும்மி உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கும்மியடி தமிழ்நாடு முழுதும்
குலுங்கிடக் கைகொட்டிக் கும்மியடி

மெய்யெழுத்தைக் கணக்கில் சேர்க்காமல், மும்மூன்று எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு தட்டு தட்டிச் சொல்லுங்கள். கும்மிய - டிதமிழ் - நாடுமு - ழுதும்கு - லுங்கிடக் - கைகொட்டிக் - கும்மிய. ஏழு தட்டு ஆயிற்று. எட்டாவது தட்டில் என்ன இருக்கிறது? 'டி' என்ற ஒரே ஓர் எழுத்து. மொத்தம் 24 இடம். பாரதி எழுதியது 22 எழுத்து. கடைசி இரண்டு இடம் காலி.

ஏதோ தற்செயல் என்று நினைக்காதீர்கள். 'ஏட்டையும் பெண்கள் தொடுவது தீமையென்றெண்ணியிருந்தவர் மாய்ந்துவிட்டார்' என்ற அடியையும் சேர்த்துப் படித்து எண்ணிப் பாருங்கள். அங்கேயும் 22தான், 'டார்' தனியாக நிற்கும். 'வீட்டுக்குள்ளே பெண்ணைப் பூட்டிவைப்போமென்ற விந்தை மனிதர் தலைகவிழ்ந்தார்.' இங்கே 'தார்'. அதற்கப்புறம் இரண்டு இடத்துக்குச் சொல்லே கிடையாது. அந்த மனிதர் தலை கவிழ்ந்து நிற்பதைக் கேட்பவர் பார்த்துக்கொள்ள அந்த இடைவெளி போதும்.

இப்போது அந்தக் காலி இடத்தை நிரப்பிப் பார்க்கலாம். 'கும்மியடி பெண்ணே' என்று முடியுங்கள். எழுத்துக் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது, பொருளிலும் குறை இல்லை. ஆனால் வட்டமாகச் சுற்றி ஆடிக்கொண்டே பாடுகிறவளுக்கு மூச்சு வாங்க இடம் போய்விட்டது. அடுத்து 'நம்மைப் பிடித்த பிசாசுகள் போயின' என்று எடுக்கும்போது வரவேண்டிய வேகமும் வராது. முதல் அடியின் வால் அதன் காலைப் பிடித்து இழுக்கும்.

கும்மி போன்ற சிந்துப் பாடலுக்கு இலக்கணம் எழுதியவர்கள் இந்தக் காலி இடத்தை அசைநீட்டம் என்று பெயரிட்டுக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே குரல் நீளலாம், மூச்சு வாங்கலாம், கைத்தட்டு மட்டும் கேட்கலாம். சொல் வாய் மூடியிருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், மௌனத்தையும் பாட்டு எழுதுகிறவர்தான் எழுத வேண்டும். பாடகர் பார்த்துக்கொள்வார், இசையமைப்பாளர் பார்த்துக்கொள்வார் என்று விடக்கூடாது. வெண்பாவில் எல்லா அடியும் நாற்சீராக வந்து, ஈற்றடி மட்டும் மூன்று சீரோடு நின்றுவிடுகிறது இல்லையா? அங்கே நிற்கத் தெரியாதவருக்கு வெண்பா வராது.

பாட்டு தொடங்கும் இடத்திலும் இதே வேலை நடக்கிறது. அனாகத எடுப்பு என்ற தொடக்க முறையில் முதல் தட்டு விழும்போது பாடகர் பேசாமல் இருப்பார். தாளம் நகர்ந்த பிறகுதான் சொல் வரும். முதல் சொல் 'ஏன்' என்றோ 'எங்கே' என்றோ இருந்தால், யோசித்துவிட்டுக் கேட்டது போல அது வந்து விழும்.

பொருளிலும் மௌனம் உண்டு. சாதியால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பக்தர் நந்தனார், கோபாலகிருஷ்ண பாரதியின் பாட்டில் இறைவனிடம் 'வருகலாமோ' என்று கேட்கிறார். வா என்றோ வராதே என்றோ அந்தப் பாட்டுக்குள் ஒரு பதிலும் இல்லை. பதிலையும் அங்கேயே எழுதியிருந்தால் கேட்பவர் நெஞ்சு இவ்வளவு பதைக்குமா? எனக்கு அந்தப் பாட்டில் மிகப் பெரிய விஷயமாகத் தெரிவது அதுதான்.

உங்களில் பலர் மெட்டுக்கு எழுதப் போகிறவர்கள். மெட்டைத் 'தன தன' என்று சொல்லும் தத்தகாரம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு 'தன'வுக்கும் ஒரு சொல் தேடி ஓடாதீர்கள். முதலில் மெட்டு எங்கே மூச்சு விடுகிறது என்று கேட்டு, அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இசையமைப்பாளர் இடம் விட்டிருந்தால் அதை 'கண்ணே', 'அன்பே' என்று போட்டு அடைக்காதீர்கள்.

சரி, மதியம் ஆளுக்கு நான்கு அடி கும்மி எழுதப் போகிறோம். பொருள் உங்கள் விருப்பம். எட்டாவது தட்டில் ஒரே எழுத்துதான் இருக்க வேண்டும். எழுதியதைத் தாளைப் பார்த்துப் படிக்க வேண்டாம்; எழுந்து நின்று, கைதட்டி, சுற்றி வந்து பாடிக் காட்டுங்கள்.