தக்களிக்குண்டும் வட்டச் சில்லும்

நேயர்களுக்கு வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில், செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டப்பட்டு 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில், பார்ப்பவர் கண்ணை முதலில் இழுப்பவை பொன் அணிகலன்கள்தாம். ஆனால், நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது, சுட்ட மண்ணால் செய்து நடுவே துளையிட்ட ஒரு சிறு குண்டின் அருகே. தக்களிக்குண்டு என்பது அதன் பெயர். துளையில் ஒரு குச்சியைச் செருகிச் சுழற்றினால், குண்டின் பாரம் அந்தச் சுழற்சியை நிற்கவிடாமல் காக்க, பஞ்சு முறுக்கேறி நூலாகும். குண்டு கனத்தால் நூல் தடிக்கும்; இலேசானால் நூல் மெலியும்.

ஒரே ஒரு தக்களிக்குண்டைக் காட்டி, இங்கே நெசவுத் தொழில் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கீழடி அகழாய்வில் நூல் நூற்கும் குண்டுகளோடு, தறியில் நூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிடும் கற்களும், துணியில் உரு வரையப் பயன்பட்ட கூர்முனை எலும்புக் கருவிகளும், செம்பு ஊசியும் கிடைத்திருப்பதால்தான், நூற்பு முதல் நெசவு வரை பல படிகளை அறிந்த மக்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்று தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கருதியது. ஓர் அரசனின் பெயரைக்கூடச் சொல்லாத இப்பொருள்கள், அந்த வட்டாரத்து மக்கள் எதைச் செய்து பிழைத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகின்றன. எனக்கு அதுவே பெரிய வரலாறு.

அடுத்து, வட்டச் சில்லுகள். உடைந்த பானையின் ஓட்டை எடுத்து, விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கிய இவை நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. பாண்டி ஆடிய எவருக்கும் இவற்றை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சிலவற்றை மூடியாகவோ வேறு வேலைக்கோ பயன்படுத்தியிருக்கவும் இடமுண்டு. ஆயினும், பகடைக் காய்களும் சுடுமண் ஆட்டக்காய்களும் உடன் கிடைத்திருக்கும்போது, விளையாட்டை ஒதுக்கிவிட்டு இவற்றைப் பார்ப்பது சரியாகாது. உழைப்புக்கு வெளியே ஓய்ந்திருக்கவும் அவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது.

இறுதியாக, பானை ஓடுகளில் உள்ள எழுத்துகளைச் சொல்ல வேண்டும். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகம் கணித்து, அதைக் கொண்டு ஓடுகளின் எழுத்தும் அவ்வளவு பழமையானது என்று கருதப்பட்டதால், தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் தமிழி எழுத்தின் தொன்மை பற்றிய விவாதமே பெரிதாக எழுந்தது. அதே ஓடுகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. ஆதன், குவிரன் என்பன போன்ற ஆட்பெயர்கள் ஒரே கையால் எழுதப்பட்டவையாக இல்லை. எழுத்தின் அமைப்பு ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவரே எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருந்தால் இந்த வேறுபாடு தோன்றியிராது. சோறும் நீரும் வைத்துப் புழங்கிய பானையின் கழுத்துக்குக் கீழே, அதை வைத்திருந்தவர்களே தங்கள் பெயரைக் கீறியிருக்கிறார்கள் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.