கூடுதலாக அரை லிட்டர் பால்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பரின் வேகத்தில் பலருக்கு அது மறந்துபோயிருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றியதில் விஞ்சி நிற்பது தனி ஒருவரின் துணிச்சலா, ஊர் கூடிச் செய்த உதவியா? நான் ஊர்ப் பக்கம். 'தனிமரம் தோப்பாகாது' என்று தொடங்கலாம்தான். ஆனால் எங்கள் அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் அதைச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் சொன்னால் நடுவர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட காலம் அது. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

முதலில் ஒரு வீட்டுக் கணக்கு. நம் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் நாளே பால்காரருக்குத் தெரிந்துவிடும். ஏன்? கூடுதலாக அரை லிட்டர். மூன்றாம் நாள் மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். நான்காம் நாள் எதிர்வீட்டு அக்கா மாடியில் காயும் துணியைப் பார்த்துவிட்டு, "யாரு, ஊர்லேர்ந்து வந்திருக்காங்களா?" என்று கேட்பார். இதில் ஒளிவுமறைவே இல்லை. இதையே ரேஷன் சீட்டுக்கு ரொட்டி தரும் காலத்தில், தெருமுனையில் போலீஸ் நிற்கும் ஊரில், இரண்டு ஆண்டுகளுக்குச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து 'உள்ளே வா' என்று சொல்ல ஒரு மனிதர் போதும், சரி. மறுநாள் காலையிலிருந்து எத்தனை பேர் வேண்டும்?

நண்பர் சியூனே சுகிஹாராவைச் சொன்னார். 1940 கோடையில் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் இருந்த ஜப்பானியத் துணைத் தூதர். டோக்கியோ விதித்த நிபந்தனைகளைத் தாண்டி, கை வலிக்க வலிக்க விசா எழுதினார். அவர் வைத்திருந்த பட்டியலில் 2,139 பெயர்கள். பெரிய மனிதர், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது என்ன விசா? ஜப்பான் வழியாகக் கடந்து போவதற்கான விசா. கடந்து போய் எங்கே சேர்வது? அதற்கு ஒரு நாட்டின் பெயரைக் காட்ட வேண்டும். எந்த நாடும் கதவைத் திறக்கவில்லை.

குராசாவ் என்று கரீபியன் கடலில் ஒரு தீவு, டச்சுக் காலனி. அங்கே இறங்க விசா தேவையில்லை, ஆளுநரின் அனுமதி மட்டும் வேண்டும் என்பது விதி. அந்த வாக்கியத்தின் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் எழுதித் தர முடியுமா என்று டச்சுத் தூதரிடம் கேட்டது யார்? யூத அகதியான ஒரு பெண். என்ன மூளை பாருங்கள்! ரீகாவில் இருந்த தூதர் எழுதிக் கொடுத்தார். கௌனாஸில் அதே அரை வாக்கியத்தை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டுக் கொடுத்தவர் யான் ஸ்வார்ட்டென்டைக். பிலிப்ஸ் கம்பெனியின் பிரதிநிதி. தூதர் பொறுப்பு அவர் தலையில் விழுந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்தத் தாளைக் காட்டிய பிறகுதான் சுகிஹாராவின் பேனா ஓடியது. அவர் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து முத்திரை குத்தியது யார் தெரியுமா? வரிசையில் நின்ற யூத மதப் பள்ளி மாணவர்களில் ஒருவர். அப்புறம் சைபீரிய ரயில், விளாடிவாஸ்டோக், அங்கிருந்து கப்பல், ஜப்பானின் ட்சுருகா துறைமுகம். கோபே நகரில் இருந்த சிறிய யூத சமூகம் வந்தவர்களுக்கு இடம் பார்த்துச் சோறு போட்டது. சுகிஹாராவோ செப்டம்பர் தொடக்கத்திலேயே கௌனாஸை விட்டுக் கிளம்பிவிட்டார். நண்பர் இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியை எடுத்துப் பளபளப்பாகத் தேய்த்து மேடையில் காட்டுகிறார். தேய்த்தது சரி. மற்ற கண்ணிகள் எங்கே?

அடுத்து, ஜெர்மனியர் பிடியில் இருந்த டென்மார்க். நான் இந்தப் பக்கம் பேச ஒப்புக்கொண்டதே இந்த ஒரு நாட்டுக்காகத்தான்.

1943 செப்டம்பர் 28. கோபன்ஹேகனில் இருந்த ஜெர்மன் அதிகாரி கியோர்க் டுக்விட்ஸ், யூதர்களைக் கைது செய்யப் போகிறார்கள் என்ற செய்தியை டேனிஷ் அரசியல் தலைவர்களிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டார். "ஆகா, தனி மனிதர்!" என்று எதிரணியில் ஒருவர் துள்ளுவது தெரிகிறது. உட்காருங்கள் ஐயா. ரகசியம் அவர் வாயிலிருந்து வந்தது, உண்மை. அது ஏழாயிரத்துச் சொச்சம் பேரின் காதுக்கு இரண்டே நாளில் எப்படிப் போனது? மறுநாள் காலை யூத ஆலயத்தில் மதகுரு மார்கஸ் மெல்கியோர் வழிபாட்டை நிறுத்திவிட்டு, "வீட்டுக்குப் போகாதீர்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்ளுங்கள்" என்றார். அங்கிருந்து செய்தி வாய்வழியாகவே பரவியது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து, யூதப் பெயர் என்று தோன்றிய பெயர்களையெல்லாம் கோடிட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத வீடுகளின் கதவைத் தட்டப் போனார். போக இடமில்லை என்று அழுதவர்களை பிஸ்பெபியர்க் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே மருத்துவர்களும் செவிலியர்களும் நூற்றுக்கணக்கான பேரை நோயாளிகளின் பெயரில் ஒளித்து வைத்தார்கள். அத்தனை பேர் வேலை பார்க்கும் கட்டடம். ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும்.

அக்டோபர் முதல் தேதி இரவு கைது செய்ய வந்தவர்கள் பெரும்பாலும் பூட்டிய வீடுகளைத்தான் தட்டினார்கள். அடுத்த சில வாரங்களில் மீன்பிடிப் படகுகளில் ஓரெசுண்ட் நீரிணையைக் கடந்து ஸ்வீடன் போய்ச் சேர்ந்த யூதர்கள் சுமார் 7,200 பேர். யூதரல்லாத உறவினர்கள் இன்னும் ஒரு 700 பேர்.

இங்கே எதிரணித் தலைவர் ஒரு குத்து விட்டார். "படகுக்காரர்கள் காசு வாங்கினார்களே!" வாங்கினார்கள். ஆளுக்கு ஆயிரம் குரோனர், சிலர் அதற்கும் மேல். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தைவிட அதிகம். நான் மூடி மறைக்கப் போவதில்லை. பிடிபட்டால் படகு போகும், பிழைப்பு போகும், ஆளும் போகலாம் என்ற பயத்துக்கு அவர்கள் வைத்த விலை அது. சிலருக்குப் பேராசையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காசில்லாதவர்கள் கரையிலேயே நின்றுவிடவில்லை. ஊரில் வசூல் செய்து கொடுத்தார்கள். என் வாதத்துக்கு இது இன்னும் வசதிதான். ஊர் என்றால் எல்லாரும் மகான்கள் என்று நான் சொல்லவில்லையே. காசுக்குப் படகு விட்டவரும், காசு கொடுத்தவரும், எதையும் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்ட டேனிஷ் காவலரும் சேர்ந்ததுதான் ஊர். ஸ்வீடன் கூப்பிடு தூரத்தில் இருந்தது, ஜெர்மன் கடற்படையும் அந்த வாரங்களில் அவ்வளவு முனைப்பாகத் தேடவில்லை. இதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்துப் பேசுகிறவர் சொல்வார்.

பிடிபட்ட சுமார் 470 பேர் நாஜிகளின் தெரேசியென்ஸ்டாட் முகாமுக்குப் போனார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கில்லெலெயெ என்ற மீனவக் கிராமத்துத் தேவாலயப் பரணில் ஒளிந்திருந்தவர்கள், ஏறக்குறைய 80 பேர். யாரோ காட்டிக் கொடுத்தார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "காட்டிக் கொடுத்ததும் ஊர்தானே?" என்று கேட்டார். இன்றைய மேடையில் என்னைத் தூங்கவிடாத கேள்வி அது. போலந்தில் மார்கோவா என்று ஒரு கிராமம். யூசெஃப் உல்மா, விக்டோரியா உல்மா என்ற விவசாயத் தம்பதி எட்டு யூதர்களைத் தங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். 1944 மார்ச் 24 அன்று, காட்டிக் கொடுக்கப்பட்டு, அந்த எட்டுப் பேரும், கணவன் மனைவியும், அவர்களுடைய ஆறு பிள்ளைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விக்டோரியா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. போலந்தில் யூதருக்கு அடைக்கலம் தந்தால் மரணம் என்பதுதான் நாஜிகள் போட்ட சட்டம், பல வேளை குடும்பத்தோடு. ஊர் பொல்லாதது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும், இல்லையா?

ஆனால் கதை மறுநாளும் நடக்கிறது, நண்பர் அங்கே நிறுத்திவிட்டார். அதே மார்கோவாவில் வேறு சில வீடுகளிலும் யூதர்கள் ஒளிந்திருந்தார்கள். உல்மா குடும்பத்துக்கு நடந்தது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். குண்டுச் சத்தமே கேட்டிருக்கும். அதற்குப் பிறகும் தங்களிடம் இருந்தவர்களை அவர்கள் வெளியே தள்ளவில்லை. போர் முடிந்தபோது அந்த ஊரில் யூதர்கள் உயிரோடு இருந்தார்கள். அந்த வீட்டுக்காரர்களின் பெயர்கள் எனக்கும் உங்களுக்கும் பழக்கமில்லை. மேடையில் சொல்ல வசதியாக ஒரு பெயர் இல்லாததால் அவர்கள் எதிரணியின் கணக்கில் வரவே மாட்டார்கள்.

லெ ஷாம்போன். பிரான்சின் தெற்கே மலை மேல் இருக்கும் ஊர். அங்கே பெரும்பாலோர் புராட்டஸ்டன்டுகள். 1685க்குப் பிறகு அரசர் படைகளுக்குப் பயந்து தங்கள் முன்னோர்கள் ஒளிந்து வாழ்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயின் பெயரைத்தான் உலகம் அறியும். அவர் மனைவி மக்தா வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தார், சுற்றியுள்ள பண்ணை வீடுகள் இடம் கொடுத்தன. வந்து தங்கிய யூதர்கள் ஆயிரக்கணக்கில். இங்கே எனக்குப் பிடித்த ஆள் போதகர் இல்லை, ஆஸ்கர் ரோசோவ்ஸ்கி என்ற பதினெட்டு வயதுப் பையன். அவனே யூதன், அவனே அகதி. டாக்டருக்குப் படிக்க ஆசை, யூதன் என்பதால் விடவில்லை, தட்டச்சு இயந்திரம் பழுது பார்க்கக் கற்றிருந்தான். லெ ஷாம்போனுக்கு வந்து சேர்ந்தவன், ஒரு பண்ணை வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆயிரக்கணக்கில் போலி அடையாள அட்டைகளும் ரேஷன் அட்டைகளும் செய்து தள்ளினான். போலித் தாள்களை அந்தப் பண்ணையின் தேனீப் பெட்டிகளில் ஒளித்து வைப்பார்களாம். போர் முடிந்த பிறகு அவர் டாக்டராகவே ஆகிவிட்டார். சொல்லுங்கள் நடுவர் அவர்களே, இவர் காப்பாற்றப்பட்டவரா, காப்பாற்றியவரா? எதிரணியின் கதையில் ஒரு பக்கம் வீரர், மறு பக்கம் கை நீட்டி நிற்கும் பாவப்பட்டவர்கள். ஊர் என்று பார்த்தால் அந்தக் கோடே அழிந்துவிடுகிறது. குராசாவ் யோசனை சொன்ன பெண்ணும், முத்திரை குத்திய மாணவரும், மெல்கியோரும் இந்தப் பையனோடு சேர்ந்தவர்கள்தான். 1990இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் லெ ஷாம்போன் பகுதி மக்கள் அனைவரையும் சேர்த்தே கௌரவித்தது.

பால் கணக்குக்கு வருகிறேன். ஆம்ஸ்டர்டாம், ஒளிந்திருந்தபடி நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி அன்னி ஃபிராங்க். உங்கள் எல்லாருக்கும் தெரிந்த பெண். எட்டுப் பேர் இரண்டு ஆண்டும் ஒரு மாதமும் ஒரு அலுவலகத்தின் பின்பக்கம் ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்கு உதவிய அலுவலகப் பெண் மீப் கீஸின் பெயர் தெரியும். குக்லர், கிளைமன், பெப் என்று இன்னும் மூன்று அலுவலகத்தார் இருந்தார்கள். வாசலை மறைத்த புத்தக அலமாரியைச் செய்து கொடுத்தவர் பெப்பின் அப்பா. இவர்களோடு ஒரு காய்கறிக் கடைக்காரர். இத்தனை உருளைக்கிழங்கு எதற்கு என்று அவர் கேட்டதில்லை. 1944 மே மாதம் அவர் கைதானார், தன் வீட்டில் வேறு இரண்டு யூதர்களை வைத்திருந்ததற்காக. அன்று அன்னி குறிப்பேட்டில் எழுதினாள்: இனிமேல் காலை உணவு கிடையாது. ஒரு கடைக்காரர் போனதும் எட்டுப் பேரின் தட்டு காலியானது. ஆகஸ்ட் 4ஆம் தேதி அவர்களும் பிடிபட்டார்கள். திரும்பி வந்தது அப்பா ஓட்டோ மட்டும்தான்.

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. இரண்டு நிமிடம்.

எதிரணி கடைசியாக நிக்கோலஸ் வின்டனைக் காட்டியது. செக் நாட்டிலிருந்து 669 குழந்தைகளை ரயிலில் லண்டனுக்குக் கொண்டுவந்த பங்குச் சந்தைக்காரர். அவரையே என் சாட்சியாக அழைக்கிறேன். அவர் பிராகில் இருந்தது மூன்று வாரம் மாதிரி. அங்கே ஏற்கெனவே அகதிகளை வெளியேற்றும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் டோரீன் வாரினர். நாஜிகள் நுழைந்த பிறகும் அங்கே நின்று ரயில் ஏற்றியவர் டிரெவர் சாட்விக். ஆபத்தான வேலையைச் செய்தது சாட்விக்தான், பாராட்டு அவருக்குப் போகட்டும் என்று வின்டனே சொன்னார். லண்டனில் அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர் அவருடைய அம்மா.

1988இல் பிபிசி அரங்கில் வின்டன் உட்கார்ந்திருக்கிறார். "இவரால் உயிர் பிழைத்தவர்கள் இங்கே இருந்தால் எழுந்து நில்லுங்கள்" என்கிறார் அறிவிப்பாளர். அவரைச் சுற்றி வரிசை வரிசையாக எழுகிறார்கள். நண்பர் அந்தக் காட்சியைச் சொன்னபோது என் கண்ணும் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்த 669 குழந்தைகளில் ஒவ்வொருவருக்கும் 50 பவுண்டு ஈடு கட்டியாக வேண்டும், தங்குவதற்கு ஓர் இடம் உறுதியாக வேண்டும் என்பது அன்றைய பிரிட்டிஷ் விதி. மொழி தெரியாமல் அழும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து, அடுத்த நாள் பால்காரரிடம் கூடுதலாக அரை லிட்டர் கேட்ட வீடுகள் அவை. அந்த அரங்கில் அவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தால் கட்டடம் போதாது. அதையும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.